பசிக்கு உணவும் அச்சத்திற்கு அபயமும்
பருவகாலப் பண்டிகைகள் உணர்த்தும் பாடம்

 



தை மாதத்தில் ஒரு ஜும்ஆ நாள். தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்டான்: "அத்தா, பக்கத்து வீட்டில் புது நெல் வந்ததற்குப் பொங்கல் வைக்கிறார்கள். நம் வயலிலும்தானே நெல் அறுத்தார்கள்? அதற்கு நமக்கு ஏன் பெருநாள் இல்லை?" தந்தையோ, "அது அவர்கள் வழக்கம், நமக்கு இல்லை" என்று கூறிவிட்டு நடையை விரைவுபடுத்தினார்.

அவர் சொன்ன பதில் தவறன்று. ஆனால் அது நிறைவான பதிலும் அன்று. அறுவடைக்கென்று நமக்கு ஒரு விழா இல்லை என்பது உண்மை. அறுவடைக்கென்று நமக்கு ஒரு கடமை இருக்கிறது என்பதும் உண்மை. முதல் உண்மையை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றோம். இரண்டாவதைப் பலர் மறந்துவிட்டோம். உலக மக்கள் பருவந்தோறும் ஏன் பண்டிகை கொண்டாடுகிறார்கள், அவற்றின் உள்ளே உறைந்திருக்கும் உணர்வு யாது, அந்த உணர்வுக்கு இஸ்லாம் எந்த இடத்தை வழங்கியிருக்கிறது என்பதை இங்கே சிந்திப்போம்.

காலங்களைக் குறிப்பிடும் சூரா

நம் பிள்ளைகள் மக்தபில் முதலில் மனனமிடும் சிறு சூராக்களுள் ஒன்று சூரத்துல் குரைஷ். நான்கே வசனங்கள். அதில் குளிர்காலம், கோடைக்காலம் என இரண்டு பருவங்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. மக்கா வேளாண்மைக்கு இடமில்லாத பள்ளத்தாக்கு. குரைஷியர் குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும், கோடையில் வடக்கே ஷாமுக்கும் வணிகக் கூட்டங்களாகச் சென்று வந்தனர். அந்த இரு பயணங்களே அவர்களின் அறுவடை. அந்த வாழ்வாதாரத்தை நினைவூட்டிய பின்னர், கஅபாவின் இரட்சகனை வணங்குமாறு அந்தச் சூரா பணிக்கின்றது. அதற்கு அது கூறும் காரணங்கள் இரண்டு: பசித்திருந்தவர்களுக்கு உணவளித்தான், அஞ்சியிருந்தவர்களுக்கு அபயமளித்தான்.

பசி, அச்சம் என்னும் இவ்விரு சொற்களையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உலகின் பருவகாலப் பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றிலிருந்தே கிளைத்திருப்பதைக் காண்பீர்கள். களத்தில் நெல் குவிந்ததும் மனிதன் மகிழ்வது பசி நீங்கியதால். நீண்ட இரவு முடிந்து பகல் வளரத் தொடங்கும்போது அவன் விளக்கேற்றுவது அச்சம் நீங்கியதால். மொழியும் சமயமும் நாடும் வேறுபடலாம். பசியும் அச்சமும் ஆதம் (அலை) அவர்களின் மக்கள் அனைவருக்கும் பொது.

மதீனாவின் இரண்டு நாட்கள்

நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அவ்வூர் மக்கள் ஆண்டில் இரண்டு நாட்களை விளையாட்டிலும் மகிழ்ச்சியிலும் கழித்து வந்தனர். இவை என்ன நாட்கள் என்று நபியவர்கள் வினவினார்கள். அறியாமைக் காலந்தொட்டு இந்நாட்களில் விளையாடி வருகிறோம் என்று மக்கள் தெரிவித்தனர். அல்லாஹ் அவற்றுக்குப் பகரமாக அவற்றினும் சிறந்த இரண்டு நாட்களை வழங்கியிருக்கின்றான் என்றும், அவை ஈதுல் அள்ஹாவும் ஈதுல் ஃபித்ரும் என்றும் நபியவர்கள் அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

அந்த இரு நாட்களும் நவ்ரூஸ், மிஹ்ரஜான் என்பவை என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். நவ்ரூஸ் வசந்தத்தின் தொடக்கம்; மிஹ்ரஜான் இலையுதிர் காலத்திற்குரியது. இரண்டும் பாரசீகத்தின் பருவகால விழாக்கள்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மகிழ்ச்சியே கூடாது என்று நபியவர்கள் கூறவில்லை. மகிழ்ச்சிக்கு வேறொரு அடிப்படையைக் காட்டினார்கள். பருவம் மாறியதற்காக அல்ல, ஒரு வணக்கம் நிறைவேறியதற்காக மகிழுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நோன்பிருந்து முடித்தபின் ஒரு பெருநாள். ஹஜ்ஜின் நாட்களில் இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தை நினைவுகூர்ந்து மற்றொரு பெருநாள். அந்த இரு நாட்களிலும் ஏழையின் பங்கை இணைத்தே வைத்தார்கள். ஒன்றில் ஃபித்ரா, மற்றொன்றில் குர்பானி இறைச்சி.

பசி நீங்கிய மகிழ்ச்சி

இனி, மற்றச் சமுதாயங்களின் அறுவடை விழாக்களைப் பாருங்கள்.

நம் தமிழகத்தில் சம்பா அறுவடையையொட்டித் தை முதல் நாள் பொங்கல் வருகிறது. முதல் நாள் போகியில் பழையன கழிக்கப்படுகின்றன. தை முதல் நாள் புது அரிசி பொங்குகிறது. மறுநாள் உழவுக்கு உதவிய மாடுகளுக்கு உரியது. அதற்கடுத்த நாள் உற்றார் உறவினரைக் காண்பதற்கு உரியது. வழிபாட்டு முறை நம்முடையது அன்று. எனினும், தான் உண்ணும் சோற்றில் மாட்டின் உழைப்பும் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கும் பண்பு அதில் இருப்பதை யாரும் மறுக்க இயலாது. தென் மாவட்டங்களின் கிறிஸ்தவ ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை நடைபெறுகிறது. விளைந்ததில் ஒரு பகுதியை மக்கள் ஆலயத்திற்குக் கொண்டு வந்து படைக்கின்றனர். நெல்லும் வாழைத்தாரும் கோழியும் அங்கே ஏலம் விடப்படுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

அண்டை மாநிலமான கேரளத்தில் சிங்கம் மாதத்தில் ஓணம் வருகிறது. மாவேலி என்னும் அரசனின் ஆட்சியில் மாந்தர் அனைவரும் சமமாக வாழ்ந்தனர் என்ற நினைவே அதன் கரு. வயிறு நிறைந்த நாளில் மக்கள் நினைப்பது சமத்துவத்தை என்பது கவனத்திற்குரியது.

கொரியாவில் எட்டாம் சந்திர மாதத்தின் பௌர்ணமியன்று சூசோக் என்னும் விழா. புது அரிசியில் அப்பம் செய்து, சொந்த ஊருக்குத் திரும்பி, முன்னோரின் அடக்கத்தலங்களைச் சீர்செய்கின்றனர். அதே நாளில் சீனர்கள் நிலவைப் பார்த்தவாறு குடும்பமாக அமர்கின்றனர். கானா நாட்டில் அக்ரா நகரைச் சார்ந்த கா இன மக்களின் விழாவுக்கு ஹோமோவோ என்று பெயர். பசியை எள்ளி நகையாடுதல் என்பது அதன் பொருள். முன்னொரு காலத்தில் தம் மூதாதையர் அனுபவித்த கொடிய பஞ்சத்தையும், பின்னர் கிடைத்த விளைச்சலையும் நினைவுகூர்வதே அவ்விழா. அதற்கு முன்னர் ஏறத்தாழ ஒரு மாத காலம் பறையொலியும் பேரிரைச்சலும் தவிர்த்து அந்நகரம் அடங்கியிருக்கிறது. அடக்கம் முன்னே, மகிழ்ச்சி பின்னே என்ற ஒழுங்கு நோன்பாளிகளாகிய நமக்கு அந்நியமானதன்று.

யூத சமுதாயத்தின் மூன்று பெரும் விழாக்களும் விளைச்சலோடு பிணைந்தவை. வசந்தத்தில் வாற்கோதுமை விளையும்போது பஸ்கா; ஏழு வாரம் கழித்துக் கோதுமை அறுவடையில் வாரங்களின் பண்டிகை; இலையுதிர் காலத்தில் கனிகளைச் சேர்க்கும்போது கூடாரப் பண்டிகை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வரலாற்று நினைவு ஏற்றப்பட்டுள்ளது. பஸ்கா, ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து பெற்ற விடுதலையின் நினைவு. வாரங்களின் பண்டிகை, வேதம் வழங்கப்பட்டதன் நினைவு. கூடாரப் பண்டிகையின்போது வீட்டை விட்டு வெளியே வந்து, விண்மீன் தெரியும்படி தழை வேய்ந்த குடிலில் ஏழு நாட்கள் உண்கின்றனர். களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், வீடின்றிப் பாலைவனத்தில் அலைந்த நாட்களை மறவாதிருப்பதற்கான ஏற்பாடு அது.

அவர்களின் வேதத்தில் லேவியராகமம் என்னும் பகுதியின் 23-ஆம் அதிகாரம் பண்டிகைகளை வரிசையாக எடுத்துரைக்கிறது. அந்த வரிசையின் நடுவே, பண்டிகைக்குத் தொடர்பற்றதுபோல் தோன்றும் ஒரு கட்டளை வருகிறது. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காமல், சிந்திய கதிர்களைப் பொறுக்காமல், ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பதே அது. உண்மையில் அது தொடர்பற்றதன்று. அதுவே பண்டிகையின் உயிர். அந்த வாரங்களின் பண்டிகையில்தான் ரூத் என்னும் வரலாறு அவர்களிடையே ஓதப்படுகிறது. அந்நிய நாட்டு விதவை ஒருத்தி, பிறர் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி வாழ்ந்த வரலாறு அது.

இருள் நீங்கிய மகிழ்ச்சி

அடுத்தது அச்சம். மின்விளக்கு வந்தபின் பிறந்த நமக்கு இருளின் அச்சம் எளிதில் விளங்காது. வடதிசை நாடுகளில் மார்கழிப் பனிக்காலத்தில் பகல் சில மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஸ்வீடனில் டிசம்பர் 13 அன்று இளம்பெண்கள் வெண்ணாடை உடுத்தித் தலையில் மெழுகுவர்த்தி ஏந்தி வருகின்றனர். ஈரானில் ஆண்டின் மிக நீண்ட இரவில் குடும்பத்தார் முதியவர்களைச் சூழ்ந்தமர்ந்து மாதுளம்பழத்தைப் பகிர்ந்து உண்கின்றனர்; அதற்கு யல்தா இரவு என்று பெயர். இந்துக்கள் அமாவாசையையொட்டித் தீபாவளியைக் கொண்டாடுகின்றனர். கார்த்திகையில் வீடெங்கும் அகல் ஏற்றுகின்றனர். யூதர்கள் குளிர்காலத்தில் எட்டு நாட்கள் நாளுக்கொரு விளக்காகக் கூட்டி ஏற்றுகின்றனர். இலங்கையில் வெசாக் பௌர்ணமியன்று பௌத்தர்கள் தெருவெல்லாம் விளக்குக் கூடுகளைத் தொங்கவிடுவதோடு, தன்சல் என்னும் பந்தல்களில் வருவோர் போவோர் அனைவருக்கும் இலவசமாக உணவளிக்கின்றனர். ஒளியும் அன்னமும் அங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் விழாவில் ஈரானியர் வீடு முழுவதையும் கழுவித் துடைக்கின்றனர், பகைத்திருப்போர் சமாதானமாகின்றனர், இளையோர் முதியோரை நாடிச் சென்று காண்கின்றனர். ஐக்கிய நாடுகள் சபை 2010-ஆம் ஆண்டில் மார்ச் 21-ஐ அனைத்துலக நவ்ரூஸ் தினமாக ஏற்றது. சீக்கியர்களின் வைசாகி, ஏப்ரல் 13 அல்லது 14-ஆம் நாளில் பஞ்சாபின் கோதுமை அறுவடையோடு வருகிறது. 1699-இல் கால்சா அமைப்பு தோன்றிய நாளும் அதுவே. அன்று குருத்வாராக்களின் லங்கரில் குலம் பாராது அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர்.

இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து நோக்கினால் சில பொதுவான கூறுகள் தெளிவாகும். உண்பதற்கு முன் நன்றி. மகிழ்வதற்கு முன் தூய்மை. பகை மறந்து கூடுதல். மறைந்தவர்களை நினைத்தல். இல்லாதவருக்கு ஒரு பங்கு. நம் பெருநாளையும் எண்ணிப் பாருங்கள்: குளித்துத் தூய ஆடை அணிகின்றோம்; தக்பீர் முழக்கி இறைவனைப் பெருமைப்படுத்துகின்றோம்; தொழச் செல்வதற்கு முன்பே ஏழைக்கு ஃபித்ராவைச் சேர்க்கின்றோம்; ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றோம்; உறவினர் வீடுகளுக்குச் செல்கின்றோம்; கப்ருஸ்தானை நினைக்கின்றோம். மனிதனின் இயல்பை அல்லாஹ் ஒன்றாகவே படைத்துள்ளான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பருவங்களைக் கடந்து நகரும் பெருநாள்

அப்படியானால் நம் பெருநாள்கள் ஏன் பருவத்தோடு கட்டுண்டிருக்கவில்லை?

அரபு மாதப் பெயர்களைக் கவனியுங்கள். ரபீஉ என்பது வசந்தத்தையும், ரமளான் என்பது சுட்டெரிக்கும் வெப்பத்தையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவை. அறியாமைக் காலத்து அரபியர் மாதங்களைத் தம் வசதிக்கேற்பத் தள்ளிப்போடும் வழக்கம் உடையவராக இருந்தனர். சூரத்துத் தவ்பாவின் 37-ஆம் வசனம் அதைக் கண்டித்துத் தடுத்தது. அன்றிலிருந்து ஹிஜ்ரி ஆண்டு தூய சந்திர ஆண்டாக, 354 அல்லது 355 நாட்களாக நிலைபெற்றது. சூரிய ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே ரமளான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது.

இதில் இருக்கும் நீதியைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் பனிக்கால விழா என்று ஐரோப்பா எண்ணுகிறது. ஆஸ்திரேலியாவிலோ அது கடுங்கோடையில் வருகிறது. ஒரு நாட்டின் பருவம் மற்றொரு நாட்டுக்குப் பொருந்துவதில்லை. உலகம் முழுமைக்குமான மார்க்கம் ஒரு நாட்டின் விளைச்சலோடு தன் பெருநாளைக் கட்டிப்போட இயலாது. ஒரே மனிதன் தன் வாழ்நாளில் கோடையிலும் மழையிலும் பனியிலும் நோன்பு நோற்கின்றான். களஞ்சியம் நிறைந்திருக்கும் காலத்திலும் அவன் பெருநாளைச் சந்திக்கின்றான். வறண்டிருக்கும் காலத்திலும் சந்திக்கின்றான். விளைந்தால்தான் நன்றி என்ற நிலையிலிருந்து, எந்நிலையிலும் நன்றி என்ற நிலைக்கு அவன் உயர்த்தப்படுகின்றான்.

ஆயினும் பருவத்தை இஸ்லாம் புறக்கணித்துவிடவில்லை. மழை பொய்த்தால் எளிய உடையில் திடலுக்குச் சென்று தொழும் மழைத்தொழுகை இருக்கிறது. அறுவடைக்கோ, விழாவைவிடக் கனமான ஒன்று இருக்கிறது.

நன்றி மட்டும் போதுமா?

அதைக் கூறுமுன், அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளைப் பற்றி ஒரு சொல். 1621-இல் பிளைமவுத் என்னுமிடத்தில் குடியேறிய ஆங்கிலேயர் தம் முதல் விளைச்சலுக்காக விருந்து நடத்தினர். அம்மண்ணின் மைந்தர்களான வாம்பனோக் மக்கள் அதில் கலந்துகொண்டனர். பயிரிடும் முறையை அந்தக் குடியேறிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அம்மக்களைச் சார்ந்தவர்களே. 1863-இல் அதிபர் லிங்கன் அந்நாளைத் தேசிய அளவில் அறிவித்தார். ஆனால் இடைப்பட்ட காலத்தில், பயிரிடக் கற்றுக்கொடுத்தவர்கள் தம் நிலத்தை இழந்திருந்தனர். 1970 முதல் அவர்களின் வழித்தோன்றல்களும் ஏனைய பூர்வகுடியினரும் அதே நாளில் அதே பிளைமவுத்தில் கூடித் துக்க நாள் அனுசரித்து வருகின்றனர்.

ஒரே நாள், ஒரே ஊர். ஒருவருக்கு நன்றி; மற்றவருக்குத் துக்கம். இறைவனுக்கு நன்றி கூறும் நாவு, விளைச்சலில் உரிமையுள்ளவரை மறந்துவிட்டால் அந்த நன்றி முழுமை பெறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இதே குறை நம் களத்து மேட்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே எழுதுகின்றோம்.

தோட்டக்காரர்களின் வரலாறு

சூரத்துல் கலமின் 17-ஆம் வசனம் முதல் ஒரு தோட்டக்காரர்களின் வரலாறு கூறப்படுகிறது. அது யமன் நாட்டில் நிகழ்ந்தது என்று விரிவுரையாளர் பலர் எழுதுகின்றனர். தந்தை நல்லவர், அறுவடை நாளில் ஏழைகளுக்குரியதைக் கொடுத்துவந்தார். அவர் மறைந்தபின் மக்கள் கணக்குப் பார்த்தனர். விடியற்காலையில் யாரும் அறியாமல் அறுத்துவிடுவோம் என்று சத்தியம் செய்தனர். இன்ஷா அல்லாஹ் என்றும் கூறவில்லை. அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே இறைவனிடமிருந்து ஒரு சோதனை அத்தோட்டத்தைச் சுற்றி வளைத்து, அதைக் கருக்கிவிட்டது. விடிந்ததும் ஒருவரையொருவர் எழுப்பி, இன்று எந்த ஏழையும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று தாழ்ந்த குரலில் பேசியவாறே சென்றனர். கண்டதும் வழி தவறிவிட்டோமோ என்று திகைத்தனர். பின்னர், தாங்களே இழந்தவர்கள் என்று உணர்ந்தனர். அவர்களுள் நடுநிலையான ஒருவர் முன்பே எச்சரித்ததை நினைவூட்டினார். இறுதியில் தவ்பாச் செய்து, இறைவன் இதைவிடச் சிறந்ததைத் தருவான் என்று நம்பிக்கை கொண்டனர்.

அவர்கள் திருடவில்லை; யாரையும் அடிக்கவில்லை. தம் சொந்தத் தோட்டத்தைத் தாமே அறுக்க எண்ணினார்கள், அவ்வளவே. ஏழை வரும் நேரத்துக்கு முன்பு அறுத்துவிட வேண்டும் என்ற அந்த எண்ணமே அவர்களின் குற்றமாயிற்று.

நம் களத்து மேட்டில்

சூரத்துல் அன்ஆமின் 141-ஆம் வசனம், விளைந்ததை உண்ண அனுமதித்து, அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுமாறு பணிக்கின்றது. இதையே உஷ்ர் என்கின்றோம். மழையாலோ ஊற்றாலோ தானாகப் பாயும் ஆற்று நீராலோ விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. இரண்டும் சமமாகக் கலந்திருந்தால் நூற்றுக்கு ஏழரை.

ஓர் ஏக்கரில் 60 கிலோ மூட்டைகள் 30 கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். மழை நீர் அல்லது தானாகப் பாயும் நீர் என்றால் மூன்று மூட்டை. பம்புசெட்டு வைத்து இறைத்திருந்தால் ஒன்றரை மூட்டை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில் விளைச்சல் எவ்வளவு குறைவாயினும் கடமை உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தில் தானியம் ஐந்து வஸக், அதாவது 300 ஸாவு அளவை எட்ட வேண்டும். இன்றைய எடையில் அது சுமார் 650 கிலோ. உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்குப் பத்து வஸக். சுமார் 1,300 கிலோ. மேற்சொன்ன 30 மூட்டை 1,800 கிலோ ஆகையால், இவ்விரு கருத்துகளின்படியும் கடமை ஏற்பட்டுவிடுகிறது. நிலத்தின் நிலை, குத்தகை முதலியவற்றில் ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமை அணுகித் தெளிவு பெறுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகின்றோம். ரமளான் வந்ததும் நகைக்கும் ரொக்கத்திற்கும் வணிகச் சரக்குக்கும் ஜகாத் கணக்கிடுகின்றோம். அவற்றுக்கு ஓராண்டு நிறைவடைய வேண்டும். விளைச்சலுக்கோ ஆண்டுக் கணக்கு இல்லை. அறுவடையே அதன் தவணை. ரமளானில் அந்த நெல் கையிலிருப்பதில்லை. விற்று, செலவழித்து, நினைவிலிருந்தும் மறைந்திருக்கும். இவ்வாறு, அல்லாஹ் நாள் குறித்த ஒரு கடமை நாள் தெரியாமல் போய்விடுகிறது.

இதனோடு மற்றொன்றும் இணைந்தது. நாற்று நட்டவர், களை பறித்தவர், அறுத்தவர் ஆகியோரின் கூலி. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நெல் பணம் வந்தபின் தருகிறேன் என்று கூலிக்காரரை நாள்கணக்கில் நடக்கவிட்டுவிட்டு, மஸ்ஜிதின் முதல் வரிசையில் நின்று நன்றி செலுத்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

அண்டை வீட்டாரின் பண்டிகை

இனி, அந்தச் சிறுவனின் கேள்வியில் இருந்த அண்டை வீடு. பிறரின் வழிபாட்டுச் சடங்குகளில் நாம் கலந்துகொள்வதில்லை. அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்ற தெளிவான வரையறையைச் சூரத்துல் காஃபிரூன் கற்பிக்கின்றது. ஆனால் சடங்கில் கலவாமை வேறு. அண்டை வீட்டாரை இகழ்தல் வேறு. பிறர் வணங்குபவற்றை ஏசுவதைச் சூரத்துல் அன்ஆமின் 108-ஆம் வசனம் தடுக்கின்றது. நம்மோடு பகைமை பாராட்டாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் சூரத்துல் மும்தஹினாவின் 8-ஆம் வசனம் அனுமதித்துப் பாராட்டுகின்றது. குலங்களாகவும் கோத்திரங்களாகவும் மனிதர் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத் உணர்த்துகின்றது. அறிந்துகொள்ளாமலே இகழ்வது அந்த நோக்கத்திற்கு மாறானது.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. வீடு வந்ததும் அவர்கள் முதலில் கேட்டது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதே. அதை மீண்டும் கேட்டார்கள். அண்டை வீட்டாரின் உரிமை குறித்து ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததை நபியவர்களிடம் தாம் கேட்டதாகவும் கூறினார்கள். மறுக்க வேண்டியதை இன்சொல்லால் மறுப்போம். கொடுக்க வேண்டியதைத் தாராளமாகக் கொடுப்போம். நம் பிள்ளைகளின் நாவில் பிறரின் பண்டிகையைக் கேலி செய்யும் சொல் வந்தால், அதை எங்கே கற்றார்கள் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

சிறுவனுக்கு என்ன பதில்?

ஆக, அந்தத் தந்தை தம் மகனுக்கு இவ்வாறு கூறியிருக்கலாம்: "மகனே! அவர்களுக்கும் பசி தெரியும், நமக்கும் தெரியும். பசி நீங்கினால் மகிழ்வது மனித இயல்பு. நமக்கு அல்லாஹ் அறுவடைக்கு விழாவைத் தரவில்லை. ஒரு பொறுப்பைத் தந்திருக்கின்றான். வா, களத்திற்குப் போய் மூட்டைகளை எண்ணுவோம். ஏழைக்குரியதை முதலில் தனியே எடுத்து வைப்போம்." அப்படிக் கூறி அவன் கையாலேயே ஒரு மூட்டையைக் கொடுக்கச் செய்திருந்தால், அந்தப் பிள்ளை அந்த நாளை எந்தப் பெருநாளையும் போல் வாழ்நாள் முழுதும் மறந்திருக்க மாட்டான்.

மதீனாவில் பேரீச்ச மரங்களில் முதல் கனி பழுத்ததும் மக்கள் அதை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தனர். அதைக் கையில் ஏந்தி, கனிகளிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டி அவர்கள் துஆச் செய்தார்கள். பின்னர் அங்கிருந்த குழந்தைகளுள் மிகச் சிறிய குழந்தையை அழைத்து, அந்த முதல் கனியை அதன் கையில் கொடுத்துவிட்டார்கள். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள செய்தி இது. பருவத்தின் முதல் விளைச்சலுக்கு நபியவர்கள் காட்டிய முறை இவ்வளவே: முதலில் இறைவனிடம் கையேந்துதல், பிறகு, இருப்பவர்களுள் எளியவருக்கு முதலில் கொடுத்தல்.

வல்ல ரஹ்மான் நமக்குப் பசியிலிருந்து உணவையும் அச்சத்திலிருந்து அபயத்தையும் வழங்குவானாக! வழங்கியவற்றில் பிறருக்குரிய பங்கை அதன் நாளிலேயே கொடுத்துவிடும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.